மேடைக்கு வராத தங்கை

1

இந்தப் பருவம் முழுக்க என் வேலை ஒரு கதவை அறைந்து சாத்துவது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கடல் தாண்டி வந்து, ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து, கடைசியில் கதவு சாத்துகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். திருச்செங்கோட்டில் இருக்கிற என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள்.

நான் படிப்பது அமெரிக்க நாடகத்தின் வரலாறும் கோட்பாடும். இங்கே சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழக ஊர். எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் புத்தகத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழக் கூடாது, மேடைக்குப் பின்னால் நின்று உடம்பு வளைந்து வேலையும் செய்ய வேண்டும். ஒருவருக்குச் சாயம் அடிக்கிற வேலை, ஒருவருக்கு விளக்கு. எனக்கு வாய்த்தது கதவு.

மாணவர் ஒருவர் எழுதிய நாடகம். ஒரு வீட்டு வரவேற்பறை, நடுவில் சோபா, வலது ஓரம் வாசல் கதவு. இரண்டாம் அங்கத்தில் மகன் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டே போகிறான். அவன் கதவை ஓங்கிச் சாத்தினால் ஒட்டுப்பலகைச் சுவர் மொத்தமும் ஆடுகிறது. அதனால் அவன் மெதுவாகச் சாத்துவான். பின்னால் தனியாக நிறுத்தியிருக்கும் ஒரு நிஜக் கதவை அதே நொடியில் நான் அறைய வேண்டும். பார்ப்பவர்களுக்கு நெஞ்சு அதிரும். அந்தப் பையனோ என் பக்கத்தில் வந்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே செல்போன் பார்ப்பான். வீட்டை விட்டுப் போகிறேன் என்று அத்தனை கத்தியவன் போய்ச் சேர்ந்த இடம் அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் ஊரும் இல்லை, ரோடும் இல்லை. ஒரு இருட்டு, ஒரு மணல்மூட்டை, நான்.

போன மாதம் ஒத்திகையில் அந்தச் சமயம் பார்த்து என் பையில் இருந்த போன் அதிர்ந்தது. அண்ணன் அனுப்பிய குரல் செய்தி. காதில் வைத்தேன். "அம்மிணி, பொண்ணு அமைஞ்சிருச்சு. அடுத்த மாசமே கண்ணாலம். நீ எப்ப வார்றே?" அவ்வளவுதான். மகன் மேடையை விட்டு இறங்கிவிட்டான். கதவுச் சத்தம் வரவில்லை. அப்பாவாக நடித்தவர் சத்தத்துக்காகக் காத்து நின்று, பிறகு சும்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒத்திகையை நடத்துகிற பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு அண்ணன் குரலை இன்னொரு தரம் காதில் வைத்தேன்.

2

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் பழனிசாமி. எனக்கு நாலு வயது மூத்தவன். ரிக் வண்டி வைத்திருக்கிறான். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற வண்டி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்தில் பாதி நாள் வண்டியோடு ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று அலைவான். தீபாவளிக்கு வந்தால் பொங்கலுக்கு இருக்க மாட்டான்.

எனக்குக் கல்யாணம் முடிந்த கையோடு அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது என் மகள் மகிழுக்குப் பத்து வயது. இத்தனை வருஷமும் பார்த்தார்கள். எங்கள் பக்கம் இன்று எந்த வீட்டுக்குப் போனாலும் பெண் அமையாத ஒரு பையன் இருப்பான். காடு தோட்டம் இருக்கிறதா என்று கேட்ட காலம் போய்விட்டது. பையன் சென்னையா, பெங்களூரா, வெளிநாடா என்றுதான் இப்போது கேட்கிறார்கள். ரிக்குக்காரன் என்றால் ஜாதகத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வான், ஆயிரம் அடி ஓட்டியும் தண்ணி வராம புகையாவே வர்ற போருக்கு முன்னால நின்னவன் நானு, எனக்கு இதெல்லாம் ஒரு விசயமா என்று. அம்மா அப்படிச் சிரிக்கவில்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

இப்போது ஜேடர்பாளையம் பக்கம் ஒரு பெண். பள்ளிக்கூட டீச்சர். அவளே பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்றாளாம். பெண் சரி சொன்னால் எங்கள் ஊரில் யாரும் தள்ளிப்போட மாட்டார்கள், மனசு மாறுவதற்குள் மண்டபம் பிடித்துவிடுவார்கள்.

அண்ணன் கேட்ட "எப்ப வார்றே"க்கு வெறும் அழைப்பு என்று பொருள் இல்லை. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நடக்கும். மாப்பிள்ளையோடு பிறந்தவள் சீர்க்கூடை ஏந்தி வந்து அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். கூறைச்சேலையைக் கொசுவி, ஒரு தலைப்பை மாப்பிள்ளையின் கக்கத்தில் இடுக்கக் கொடுத்து, மறு தலைப்பைத் தங்கையின் கையில் கொடுப்பார், சீர் நடத்துகிற பெரியவர். அவரை அருமைக்காரர் என்போம். நாளைக்கு ஒருத்தி வந்துவிட்டாலும் கூடப்பிறந்தவளோடு உள்ள ஒட்டு அறுந்து போகாது என்று ஊர் பார்க்கச் சொல்கிற இடம் அது. சின்ன வயதில் கல்யாண வீடுகளுக்குப் போய்வந்த மறுநாள் நானும் அண்ணனும் அம்மாவின் பழைய சேலையை வைத்து அதைச் செய்து விளையாடுவோம். அவனுக்கு ஒரே தங்கை நான்தான். அம்மிணி என்று அவன் கூப்பிடுவது என்னை மட்டும்தான்.

3

நான் எப்படி இந்தப் படிப்புக்கு வந்தேன் என்பது ஒரு தனிக் கூத்து. சேலத்தில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்தேன். கல்யாணம் ஆனது. இவர் கம்ப்யூட்டர் வேலையில் அமெரிக்கா வந்தார், அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் வேலை செய்யக் கூடாது. அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு, தோசைக்கு அரைத்துக்கொண்டு சில வருஷம் இருந்தேன். பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் விண்ணப்பம் போட்டேன். துறையில் எடுத்துக்கொண்டார்கள். இந்த நாட்டுக்குள் இருந்தபடியே மாணவி என்று என் நிலையை மாற்றிக்கொடுத்தார்கள். அன்றைக்குப் பெரிய விடுதலை கிடைத்துவிட்டதாக நினைத்தேன். மகிழுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அமெரிக்க நாடகம் என்றால் ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லை. சாமிக்கு ஆகாது என்று நாடகத்தையே தடுத்து வைத்திருந்த ஊர்கள். பிறகு கடல் கடந்து வந்த ஆங்கில நாடகங்கள். அப்புறம் ஆற்றுப் படகிலும் கூடாரத்திலும் ஊர் ஊராகப் போய்ப் போட்ட ஆட்டங்கள், கெட்டவனுக்கு மீசை, நல்லவளுக்குக் கண்ணீர். இதெல்லாம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. திருவிழா நாடகம் பார்த்து வளர்ந்தவளுக்கு என்ன கஷ்டம்? போன நூற்றாண்டில் அவர்கள் ஒரு வரவேற்பறைக்குள் நுழைந்தார்கள், அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். மூன்று சுவர், நாலாவது சுவர் இருக்கிற இடத்தில் பார்வையாளர்கள். உள்ளே ஒரு குடும்பம். விடிய விடிய ஒருத்தரை ஒருத்தர் பிடுங்கித் தின்கிறார்கள். யாரோ ஒருத்தருக்கு அந்த வீட்டை விட்டுப் போயாக வேண்டும். போக முடியாது.

நான் பாடம் நடத்துகிற வகுப்பில் ஒவ்வொரு பருவமும் யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கிக் கேட்கும். அவர்கள் ஏன் கிளம்பிப் போகக் கூடாது, கதவு திறந்துதானே இருக்கிறது என்று. பதினெட்டு வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள், அவர்களுக்கு அது நியாயமான கேள்வி. நான் பொருளாதாரம், குற்ற உணர்ச்சி, கதாசிரியரின் உத்தி என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். எங்கள் ஊரில் வளர்ந்த எனக்குள் ஓடுவது வேறு கேள்வி. அப்பனோடு ஒரு வாய்ச்சண்டைக்கு ஊட்டை விட்டுப் போவானா ஒருத்தன்? தோட்டத்துச் சாளைக் குடிசையில் போய் ரெண்டு நாள் படுத்துவிட்டுப் பசித்தால் வந்துவிடப் போகிறான்.

இந்த நாடகங்களில் இன்னொரு ஆள் இருப்பார். மேடைக்கே வர மாட்டார். ஓடிப்போன அப்பாவாக இருக்கலாம், தூர தேசத்தில் இருக்கிற மகளாக இருக்கலாம். சுவரில் ஒரு போட்டோ, எப்போதாவது ஒரு போன். நாடகம் முழுக்க எல்லாரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். வராத பாத்திரம் என்று இதைக் குறித்து நிறைய எழுதியிருக்கிறார்கள். என் ஆய்வும் அதைப் பற்றியதுதான். வந்துவிட்டால் நாடகம் முடிந்துவிடும், அதனால்தான் கதாசிரியர் அவரை உள்ளே விடுவதில்லை என்று ஒரு கட்டுரையில் எழுதி நல்ல பெயர் வாங்கினேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

4

ஒத்திகை முடிந்த மறுநாளே வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கிற அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருக்கிற அம்மையார் தங்கமான மனுஷி. அண்ணனுக்குக் கல்யாணம் என்றதும் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். பிறகு உட்கார்ந்து என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

விஷயம் இதுதான். உள்ளிருந்தபடியே மாணவியாக மாறியவளுக்கு இங்கே இருக்க அனுமதி உண்டு. பாஸ்போர்ட்டில் மாணவி விசா முத்திரை கிடையாது. வெளியே போனால், ஊரில் நேர்காணலுக்குப் போய், முத்திரை வாங்கித்தான் திரும்ப ஏற முடியும். நேர்காணலுக்குத் தேதி எப்போது கிடைக்கும், கிடைத்தாலும் என்ன சொல்வார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நீ தாராளமாகப் போகலாம், உன்னை யாரும் தடுக்க மாட்டார்கள் என்றார் அம்மையார். திரும்பி வருவாயா என்பதற்கு மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இந்த வருஷம் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்கள் நிறையப் பேர் என்றும் சொல்லி, மேஜை மேலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பூட்டிய கதவாக இருந்தால் முட்டியாவது பார்க்கலாம். இது திறந்து கிடக்கிற கதவு, போகிறவர்களுக்கு மட்டும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சத்தம் போடாத மனுஷர். போயிட்டு அங்க மாட்டிக்கிட்டா மகிழ் என்ன பண்ணுவா, உன் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டார். நீ போகாதே என்று அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பழியை அவர் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியும் எனக்குக் கிடைக்கவில்லை.

மகிழிடம் கேட்டேன், அம்மா கொஞ்ச நாள் ஊருக்குப் போகட்டுமா என்று. எத்தனை நாள் என்றாள். தெரியாது என்றேன். "தெரியாதுன்னா எப்படிம்மா போவ?" என்று கேட்டுவிட்டுத் தன் வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் போய்விட்டாள். பத்து வயதுப் பிள்ளை இரண்டு நிமிஷத்தில் முடித்த கணக்கை நான் இரண்டு வாரம் போட்டுக்கொண்டிருந்தேன். விடை அதேதான் வந்தது.

5

போக முடியாது என்று ஆன பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, போன் வழியாகவே குடும்பத்தை நடத்திவிடலாம் என்று தோன்றும். இணைச்சீருக்கு எனக்குப் பதிலாக யாரை உட்கார வைப்பது என்று நானே யோசித்து, நானே முடிவும் செய்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை. அங்கே சாயங்காலம். கல்யாணச் சாமான் விஷயமாக வீட்டில் சொந்தபந்தம், எங்கள் பேச்சில் ஒறம்பரை, நிறைந்திருந்தது. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பெரியப்பா, சித்தி, ஆத்தூரில் இருந்து வந்திருந்த மாமா எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் உற்சாகமாகச் சொன்னேன். நான் வராவிட்டால் என்னம்மா, நம்ம சுமதி இருக்கிறாளே, எனக்குத் தங்கச்சி மாதிரி, அவளை உட்கார வைத்து இணைச்சீர் செய்துவிடுங்கள் என்று.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்து இரண்டு தரம் அம்மா, அம்மா என்றேன்.

சுமதி என் மாமன் மகள். அம்மாவின் தம்பிக்குப் பிறந்தவள். எனக்கு வேண்டுமானால் அவள் தங்கச்சி மாதிரி. அண்ணனுக்கு அவள் கட்டிக்கொள்கிற முறை. முறைப்பெண்ணைக் கூட்டி வந்து கூடப்பிறந்தவளாக உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அஞ்சு வயதுப் பிள்ளைகூட இதைத் தப்பாகச் சொல்லாது. அது போதாதென்று, முன்பு அண்ணனுக்கு அவளையே கேட்டு, ரிக்குக்காரனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டிருந்தார். அந்த மாமாதான் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பெரியப்பாதான் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அமெரிக்காவுல அப்படித்தானுங்களாட்ட இருக்குது என்று யாரோ சொன்னார்கள். மாமா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. போனை ஸ்பீக்கரில் இருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ற சாமி, உனக்கு மொறையே மறந்து போச்சா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பயந்துபோய்க் கேட்டாள்.

வந்த புதிதில் இங்கே கருத்தரங்கு ஒன்றில், ஒரு நாடகத்தில் வருகிற இரண்டு மருமகள்களை விளக்க ஓரகத்தி என்பதற்கு நம்மூர் இங்கிலீஷில் கோ-சிஸ்டர் என்று சொல்லிவிட்டு எல்லாரும் விழித்ததில் கூசிப்போனேன். அதற்கப்புறம் அத்தை மகள், சித்தப்பா மகன், மாமன் மகள் எல்லாரையும் ஒரே கசினில் போட்டு மூடப் பழகிக்கொண்டேன். பழகிய பழக்கம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. நாக்கில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன், மண்டைக்குப் போனதை யார் கண்டது?

இணைச்சீருக்குப் பெரியப்பா மகள் தனத்தைப் பேசி முடித்தார்கள். பங்காளி வீட்டுப் பெண், ஒரே குலக் கூட்டம், அண்ணனுக்குத் தங்கை முறைதான். ஆட்டையாம்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. எல்லாரும் முதலிலேயே அவளைத்தான் நினைத்திருந்தார்களாம். என்னிடம் சொல்ல மட்டும் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

6

அண்ணன் பத்துப் பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குரல் செய்தி அனுப்பினால் கேட்டுவிட்டான் என்று காட்டும், பதில் வராது. வண்டியில் இருக்கிறான் என்று அம்மா பொய் சொன்னாள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு எந்த மாப்பிள்ளை ரிக் வண்டியில் போவான்?

ஒருநாள் நான் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது கூப்பிட்டான். பக்கத்தில் காதில் இயர்போன் மாட்டிய பிள்ளைகள். நான் மெதுவாகப் பேசினேன், அவன் ரிக் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவன், கத்தித்தான் பேசினான்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். முத்திரை, நேர்காணல், மகிழ், படிப்பு. அவன் ஊம் கொட்டிக்கொண்டே வந்தான். ராஜஸ்தானில் இருந்து என் கல்யாணத்துக்கு மூன்று பகல் மூன்று ராத்திரி லாரி மாறி லாரி ஏறி வந்தவன் அவன். அதை அவன் சொல்லிக்காட்டவில்லை. எனக்குத்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அம்மிணி, நீ சொல்றதெல்லாம் எனக்குப் புரியுது. ஒண்ணு மட்டும் கேக்கறேன், சொல்லு. நீ படிச்சு முடிச்சுப்போட்டு வாரப்ப, எனக்கு மறுக்கா ஒரு கண்ணாலம் பண்ண முடியுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நான் இறங்க வேண்டிய இடம் வந்து போய்விட்டது. அதற்குள் அவனே சமாதானமாகி, செரி உடு, அழுவாதே, ஒடம்பப் பாத்துக்க, மாப்பிள்ளையக் கேட்டதாச் சொல்லு என்று வைத்துவிட்டான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பனிச்சேற்றில் திரும்பி நடந்தேன்.

அன்றைக்கு வகுப்பில் நடத்த வேண்டியது நாடகமும் சடங்கும் என்ற பாடம். எங்கள் பேராசிரியர் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். நாடகம் நாளைக்கும் நடக்கும், நடிகர் வராவிட்டால் அந்த வேஷத்தைப் படித்து வைத்திருக்கும் இன்னொருவர் வருவார், சடங்கில் அது நடக்காது என்று. நான் போன பருவம் வரை அதை அப்படியே ஒப்பித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும், இது தப்பு, சடங்கிலும் ஆள் மாற்றலாம் என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை, அப்படியானால் வராமல் போனவருக்கு என்ன நடக்கும் என்று கேட்டது. அது பாடத்தில் இல்லை என்று சொன்னேன்.

7

இணைச்சீர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இங்கே காலை. இவர் அலுவலக வேலை என்று உள்ளறைக்குப் போய்விட்டார். நான் தலைக்குக் குளித்து, இருப்பதிலேயே நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, சோபாவில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மகிழ் ராத்திரி உடையிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏம்மா இவ்வளவு டிரெஸ் பண்ணியிருக்க, அவங்களுக்கு நீ தெரிய மாட்டியே என்றாள். தெரியாதுதான். மண்டபத்து இரைச்சலுக்கு நடுவே என் சத்தமும் முகமும் வேண்டாம் என்று மைக்கையும் கேமராவையும் அணைத்து வைத்திருந்தேன்.

அங்கே போனைப் பிடித்துக்கொண்டிருந்தது சுமதி. ஆமாம், அதே சுமதிதான். அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். கேமராக்காரர்களை இடித்துத் தள்ளிவிட்டு முன்வரிசைக்குப் போய் நின்று, தன் முகத்தை ஒரு தரம் காட்டிச் சிரித்தாள். "அக்கா, தங்கச்சி வேசம் எனக்குக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அதான் இந்த வேலையப் புடிச்சுக்கிட்டேன். நல்லாத் தெரியுதா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளுக்கு அது கேட்டிருக்காது.

அண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தான். தலையில் உருமால், நெற்றியில் சந்தனம். வெயிலில் கறுத்த முகம், பவுடர் போட்டும் எடுபடவில்லை. அவ்வளவு அழகாக இருந்தான். வாழ்த்துப் பாடுகிறவர் பாட, தனம் கூடையை ஏந்திக்கொண்டு வந்தாள். மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு.

மகிழ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, அது அம்மாயி உனக்கு வாங்கின சேலை இல்ல?"

ஆமாம். பெண் அமைந்த அன்றே அம்மா எனக்காக எடுத்துவைத்து வீடியோவில் விரித்துக் காட்டிய சேலைதான். அது எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இணைச்சீர்க்காரிக்கு என்று எடுத்தது, அவள்தானே கட்ட வேண்டும்? தனத்துக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அவள் என்ன பாவம் செய்தாள், வயிற்றுப் பிள்ளைக்காரி, ஆட்டையாம்பட்டியில் இருந்து பஸ் ஏறி வந்து எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தச் சேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அருமைக்காரர் கூறைச்சேலையைக் கொசுவினார். ஒரு தலைப்பை அண்ணன் கக்கத்தில் வைத்தார். மறு தலைப்பைத் தனத்தின் கையில் கொடுத்தார். அம்மா பின்னால் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எங்கேயும் தப்பு நடக்கவில்லை. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. நாடகம் முழுக்க எல்லாரும் வராதவளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எழுதி நல்ல பெயர் வாங்கியவள் நான். இங்கே எல்லாருக்கும் அவரவர் வேலை இருந்தது.

"அவங்க நீயாம்மா?" என்று மகிழ் மெதுவாகக் கேட்டாள்.

ஆமாம், இன்றைக்கு மட்டும் என்றேன்.

சீர் முடிந்தது. அடுத்து மாப்பிள்ளையும் இணைச்சீர்க்காரியும் எழுந்து பெரியவர்கள் காலில் விழ வேண்டும். தனம் சீர்க்கூடைக்குப் பக்கத்தில் எதையோ சரி செய்துகொண்டு குனிந்திருந்தாள். அண்ணன் அவளுக்காகத் திரும்பினான். பிறந்ததில் இருந்து அவன் அவளைத் தனம் என்றுதான் கூப்பிடுவான். சுமதி போனை நன்றாக நெருக்கிப் பிடித்திருந்தாள், தெளிவாகக் கேட்டது.

"அம்மிணி, எந்திரி. போலாம்."

மகிழ் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, மாமா உன்னக் கூப்பிடறாங்க."

நான் சோபாவை விட்டுப் பாதி எழுந்துவிட்டிருந்தேன். அதற்குள் அங்கே தனம், "இதோ வாரேனுங்கண்ணா" என்று சொல்லி எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். என்னை இல்லை சாமி, அவங்களை என்று மகிழிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.